வெளிச்சத்துக்குப் பின்னால் வருவது

கழட்டிவிட்டுக் கூட்டிப் போவதா, போட்டபடியே கூட்டிப் போவதா என்று வளர்மதிக்கு இன்னும் முடிவாகவில்லை. ரிப்பன் பக்கோடா டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினாள். காலையிலிருந்து இப்படித்தான், கை ஒரு காரியத்தில் இருக்க மனசு வேறெங்கோ போய் நின்றுகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும், சாமி கும்பிடும்போதும், மத்தியானம் எல்லோரும் தின்ற களைப்பில் படுத்துக் கிடந்தபோதும் அதே கேள்வி. மேலே மொட்டை மாடியில் மாமனார் ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம் படபடவென்று கேட்டது. கூடத்துத் தரையில் உட்கார்ந்து புது கவுனின் ஜிகினாவைப் பிய்த்துக்கொண்டிருந்த ஆதிரை தலையைத் தூக்கினாள். தூக்கி, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "மேல. தாத்தா. மேல இருக்காங்க" என்று வளர்மதி வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். ஒரு காதுக்கு மட்டும் வைத்திருப்பதால் அவளுக்குச் சத்தம் வந்ததென்று தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று தெரியாது. வலது காதுக்குப் பின்னால் தவிட்டு நிறத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு சின்ன வயர், வயரின் நுனியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. ஆபரேஷன் செய்து மண்டைத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் காந்தத்தில் அந்த வில்லை டக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சத்தம் உண்டு, எடுத்தால் ஒன்றுமே கிடையாது. ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டில் அதற்குப் பெயர் காது. காதைப் போடு, காதைக் கழட்டு, காதை எங்கே வைத்தாய் என்றுதான் ஒரு வருஷமாகப் பேச்சு. முதலில் கேட்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரிடம் தீபாவளி வெடிச் சத்தத்தைப் பற்றிப் போன வாரமே வளர்மதி கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதும்மா, ரொம்பப் பெரிய சத்தத்தை மெஷினே அமுக்கிக் கொடுத்துரும். பாப்பா பயந்தா கழட்டிடுங்க, பயப்படலைன்னா விட்டுடுங்க." அவ்வளவுதான், பல்வலிக்கு மாத்திரை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள். பயந்த பிறகு கழட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்க வாய் வந்து, கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மணப்பாறைக்காரப் பெண் சொன்னது வேறு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. "எங்க பய கிரைண்டர் சத்தத்துல பயந்துட்டாங்க. நாலு மாசம் போட்டுக்கவே இல்ல. கிட்ட கொண்டு போனாலே கடிப்பான்."

நாலு மாசம். நாலு மாசத்தில் என்னென்ன போகும் என்று வளர்மதிக்குத் தெரியும். ஆதிரையிடம் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் எப்படி வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். தண்ணி என்ற ஒரு சொல்லுக்காக டம்ளரை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள். வா, போ, வேணாம், தா, காக்கா, மாமா எல்லாம் கல் உடைத்துக் கிணறு வெட்டிய மாதிரி வந்தவை. அம்மா கடைசியில்தான் வந்தது. அது ஏன் கடைசியில் என்று ஒரு நாள் ராத்திரி அழுதிருக்கிறாள், ஒருவேளை நான் எப்போதும் பக்கத்திலேயே இருந்ததால் கூப்பிடத் தேவைப்படவில்லையோ என்று தேற்றிக்கொண்டும் இருக்கிறாள். இன்றைக்கு ஒரு வெடி, ஒரே ஒரு வெடி, வாசலில் எவனோ கொளுத்துகிற அணுகுண்டு, அதில் பயந்துபோய்க் காதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இனி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்த வேணாம் என்ற சொல்லையும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். மேலேயிருந்து செழியன் கூப்பிட்டான். "வளரு, ஆரம்பிச்சிட்டாங்க. வா." ஆரம்பித்தது அவளுக்கும் கேட்டது. தூரத்தில், சாக்குமூட்டையைத் தொப்பென்று போட்டது மாதிரி ஒன்று. ஆதிரை ஜிகினாவிலேயே இருந்தாள். அது அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் பொருட்படுத்தவில்லையா. பொருட்படுத்தவில்லை என்றால் எவ்வளவு நல்லது.

செழியன் வீட்டில் தீபாவளிக்கு வெடி வாங்குகிற பழக்கம் இல்லை. பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், அதோடு சரி. ஊரெல்லாம் வெடிப்பதைப் பார்ப்பதுதான் இவர்களுக்குத் தீபாவளி. கல்யாணமான புதிதில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. உறையூரில் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஜமுக்காளத்தை விரித்து, நாலு பேரும் நாலு பக்கம் பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு திசை. கிழக்கே மலைக்கோட்டைப் பக்கம் மாமனார் அருணகிரிக்கு. வடக்கே காவிரிக்கு அந்தப்புறம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிகிற பக்கம் மாமியாருக்கு. தெற்கே தில்லைநகர் செழியனுக்கு, பணக்காரர்கள் வெடிக்கிற பக்கம், அதைச் சின்ன வயசில் தம்பியோடு சண்டை போட்டு வாங்கினானாம், தம்பி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். மீதி இருந்த மேற்குதான் மருமகளுக்கு வந்தது. குழுமணி ரோட்டுப் பக்கம், வாழைத்தோப்பும் இருட்டும். எப்போதாவது ஒரு வாணம் தயங்கித் தயங்கி மேலே வரும். தன் திசையில் நல்லதாக ஒன்று பூத்தால் என் பக்கம், என் பக்கம் என்று கத்த வேண்டும், மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. முதல் வருஷம் அவளுக்குக் கத்துவதற்கு ஒன்றுமே வரவில்லை. கடைசியில் வாழைத்தோப்புக்கு மேலே பச்சையாக ஒன்று வந்து உதிர்ந்தபோது அவள் கத்துவதற்குள் அத்தை திரும்பி, "மருமக பக்கம், மருமக பக்கம்" என்று அவளுக்காகக் கத்தினார். பிறந்த வீட்டில் அவள் தீபாவளி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவள். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் விரல். புதுக்கோட்டையில் அவளுடைய அண்ணன் அதற்கென்றே கட்டிலுக்குக் கீழே ஓலை வெடியைக் கொளுத்திப் போடுவான். பயந்தவள் என்று ஊருக்கே பெயர். இங்கே வந்த பிறகுதான், வெடி என்பது தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் வெளிச்சமாகத்தான் வரும், சத்தம் அதற்குப் பின்னால்தான் வரும் என்று தெரிந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்த மாமனாருக்கு அதில் தனி ருசி. "வெளிச்சம் வந்துடுச்சா, ஒரு மூச்சு விடு, இப்ப வரும் பாரு" என்பார். வரும். சொல்லிவிட்டு வருகிற சத்தத்துக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

முந்தின தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் அந்தச் சத்தம் சொல்லாமல் வந்தது. கைக்குழந்தை மடியில். பத்து மாசம். கீழே தெருவில் யாரோ வைத்த ராக்கெட் கோணலாகப் புறப்பட்டுக் கைப்பிடிச் சுவரில் வந்து மோதி அங்கேயே வெடித்தது. மாமனார் எழுந்தே நின்றுவிட்டார், செழியன் காபியைக் கொட்டிக்கொண்டான், அவளுக்கு இரண்டு காதிலும் ஙொய் என்று அடைத்துக்கொண்டது. அந்த அடைப்போடு குனிந்து குழந்தையைப் பார்த்தாள். ஆதிரை கண்ணை விழித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டுகூட இருந்தாள். "பார்றா என் பேத்திய! நாமெல்லாம் நடுங்குறோம், அவ அசையுறாளா பாரு. தைரியம்னா இது தைரியம்" என்று அத்தை வாரி எடுத்து முத்தம் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் காதைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தெரிவதற்கு முன்னால் ஒரு தெரிதல் உண்டே, அது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாணத்துக்கும் அவள் வானத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் இமையைப் பார்த்தாள். வெளிச்சம் வரும்போது இமை அசைந்தது. சத்தம் வரும்போது அசையவில்லை. மறுபடி. மறுபடி. மேற்கே வாழைத்தோப்புக்கு மேலே என்ன பூத்தது, பூக்கவில்லை, எதுவும் ஞாபகமில்லை. மறுநாள் அடுப்படியில் குழந்தைக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். தாம்பாளம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஆதிரை திரும்பவில்லை. ஆதிரை, ஆதிரை என்று கூப்பிட்டாள். பத்து மாசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயர். நட்சத்திரத்தின் பெயர் என்று மாமனார் தேடி வைத்தது. அந்தப் பெயர் இவ்வளவு நாளும் எங்கே போய் விழுந்துகொண்டிருந்தது? பரிசோதனை, மறுபடி பரிசோதனை, மதுரை, சென்னை, ஆபரேஷன். நடுவில் அத்தை ஒரு மார்கழிக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போன வருஷம் துக்கத் தீபாவளி, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, மாடிக் கதவைத் திறக்கவில்லை. குழந்தைக்குத் தையல் ஆறிக்கொண்டிருந்தது, வெளி மெஷின் இன்னும் வரவில்லை. தெருவே அதிர்ந்துகொண்டிருக்க அவள் பாட்டுக்கு வாயைத் திறந்து தூங்கினாள். அன்றைக்கு அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது. பயம் என்பதும் காது வழியாகத்தான் உள்ளே வருகிறதோ. நான் என்ன கொடுத்திருக்கிறேன் இவளுக்கு. சத்தத்தைக் கொடுத்தேனா, பயத்தைக் கொடுத்தேனா.

"வளரு!"

"வர்றேங்க, வர்றேன்."

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பக்கோடா டப்பாவும் பிளாஸ்க்கும் கூடையில். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, ஆனால் மேல் கதவு திறந்திருந்ததால் படியெல்லாம் ஒரு சிவப்பு வந்து வந்து போயிற்று. முதல் திருப்பத்தில் ஒரு சரம் வெடிக்கத் தொடங்கியது, அடுத்த தெருவாக இருக்க வேண்டும், பொரி பொரிவது போலத்தான் இருந்தது. ஆதிரையின் உடம்பு அவள் இடுப்பில் இறுகியதை உணர்ந்தாள். ஒரு கை வந்து அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்தது. பயமா, ஆச்சரியமா? முகத்தைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. சரம் நீண்டுகொண்டே போயிற்று. பத்தாயிரமாக இருக்கும், பாவி, எங்கே நிறுத்துகிறான். கடைசியில் அந்தப் பெரிய வெடி இருக்கிறதே, சரத்தின் நுனியில் வைத்திருப்பானே, அது வரப்போகிறது, வரப்போகிறது என்று அவளுக்கே முதுகு கூசியது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பெண் எங்கும் போய்விடவில்லை. அந்தப் பெரியது வருவதற்கு முன்னால், யோசிக்காமல், அவள் கை தானாகப் போய் ஆதிரையின் தலையிலிருந்து வில்லையை எடுத்துவிட்டது. எடுத்து, மெஷினையும் காதிலிருந்து உருவி, புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். பெரியது வெடித்தது. ஆதிரையின் உடம்பு மெல்லத் தளர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. உடனே, அப்பாடா என்று இருந்ததற்காகவே தன்மேல் வெறுப்பும் வந்தது. காலையிலிருந்து முடிவு செய்ய முடியாததைக் கை செய்துவிட்டது, சரி, கை செய்தது செய்ததாகவே இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வருஷம் இன்னும் பெரியவளாகியிருப்பாள், சொன்னால் புரியும். படியேறினாள்.

மாடியில் ஜமுக்காளம் விரித்த இடத்தில் மாமனார் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். செழியன் தெற்கே. வடக்குப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லி விட்டதில்லை. வானம் முழுக்கப் புகையும் வெளிச்சமுமாக, மலைக்கோட்டை ஒரு நிமிஷம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மருந்து வாடை மூக்கில் காரமாக ஏறியது. "வாம்மா, வா. ஆதிரைக்குட்டி இங்க வா, தாத்தாட்ட" என்று அருணகிரி கையை நீட்டினார். வளர்மதி குழந்தையை இறக்கிவிட்டாள். அவர் அவளை மெதுவாகப் பிடித்து அந்தக் காலி இடத்தில், வடக்கே பார்க்க உட்காரவைத்தார். வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். "இனிமே இது ஒன் பக்கம். பாட்டியோட பக்கம் இது. அங்க பாரு, ஸ்ரீரங்கம். நல்லா ஏதாவது வந்தா நீதான் கத்தணும், என்ன? ஒங்க பாட்டி கத்துனா காவேரிக்கு அந்தாண்ட கேக்கும்." ஆதிரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைவதையும் நிற்பதையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள், புரியாதபோது சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. பத்து மாசத்தில், மடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு. வளர்மதிக்கு முந்தானை முடிச்சு கல்லாகக் கனத்தது. செழியன் திரும்பிப் பார்த்து, குழந்தையின் தலையைப் பார்த்து, அவளைப் பார்த்தான். "கழட்டிட்டியா?" என்றான். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. சும்மாதான் கேட்டான். அவள் "பயந்துட்டா" என்றாள். யார் பயந்தது என்று அவன் கேட்கவில்லை. "சரி விடு, பாத்துக்கலாம்" என்று தெற்கே திரும்பிக்கொண்டான். மாமனாருக்கு இப்போதுதான் புரிந்தது. இருட்டில் கவனித்திருக்க மாட்டார். "ஓ, போட்டுக்கலையா" என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவும் சொல்லி முடித்தது யாருக்கு என்று அவருக்கே ஒரு சின்னக் கூச்சம் வந்தது போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒன்று எழும்பியது. மெல்ல, ரொம்ப உயரத்துக்குப் போய், தங்கமாக விரிந்து, தொங்கித் தொங்கி இறங்கியது. அத்தை இருந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஆதிரை வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அப்புறம் சத்தம் உருண்டு வந்தது, காவிரியைத் தாண்டி வருவதால் முனையெல்லாம் மழுங்கி. ஆதிரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கம் எல்லாம் அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. அடுத்து ஒரு சிவப்பு. அப்போது அவள் கை மெதுவாகத் தன் தலைக்குப் போயிற்று. வலது காதுக்குப் பின்னால் தடவினாள். முடியைத் தடவினாள், மேலே, கீழே. ஒன்றும் அகப்படவில்லை. தரையில் ஜமுக்காளத்தில் தேடினாள். பிறகு எழுந்து, புது கவுன் தடுக்க, தாத்தாவின் முழங்காலைத் தாண்டி, அம்மாவிடம் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"தா."

தன் குரல் தனக்கே கேட்காதபோது அவள் சொல்கிற சொற்கள் எல்லாம் மூக்கில் அமுங்கி வரும். அப்படித்தான் வந்தது. ஆனால் தெளிவாக வந்தது. வளர்மதி தெரியாதவள் போல, "என்ன தா? பக்கோடாவா?" என்று டப்பாவைக் காட்டினாள். ஆதிரை டப்பாவைத் தள்ளிவிட்டாள். தன் காதுக்குப் பின்னால் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, "தா. ம்மா. தா" என்றாள். இதுவரை ஒரு நாளும் அவளாகக் கேட்டதில்லை. தினம் காலையில் துரத்திப் பிடித்து, கதை சொல்லி, பொம்மைக்கு ஒன்று போட்டுக் காட்டித்தான் மாட்டிவிடுவது. அது தனக்காகத் தான் செய்துகொள்கிற காரியம், குழந்தை போனால் போகிறதென்று பொறுத்துக்கொள்கிறது என்றுதான் வளர்மதி நினைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மெஷினைக் காதில் செருகி, வில்லையைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். காந்தம் தானாக இழுத்துக்கொண்டது.

ஒரு வாணத்துக்காவது தூரத்துச் சத்தமாக, முனை மழுங்கிய சத்தமாக முதலில் வரட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே வாசலுக்கு நேரே, எந்த வெளிச்சமும் காட்டாமல், ஒரு அணுகுண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி ஆடியது. ஆதிரை அப்படியே நின்றாள். கண் பெரிதாகி, உதடு மடங்கி, மூச்சு உள்ளே போய் உள்ளேயே நின்று, பிறகு வெடித்தது அழுகை. அம்மாவின் மேல் விழுந்தாள், ஏறினாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். செழியன் எழுந்து வந்துவிட்டான். "எடுத்துரு, எடுத்துரு வளரு, கீழ போயிடலாம்" என்றான். அருணகிரி கைப்பிடிச் சுவருக்கு ஓடி, "யாருய்யா அது, குழந்த இருக்குல்ல!" என்று கீழே பார்த்துக் கத்தினார். வளர்மதியின் கை வில்லையைத் தேடிப் போயிற்று, மறுபடியும் தானாகவே போயிற்று. தலைக்குப் பக்கத்தில் போனபோது அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது. ஆதிரையின் உள்ளங்கை, வில்லையை முழுசாக மூடிக்கொண்டு, தலையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு. பிடுங்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தாள். பிடுங்கவில்லை. அம்மாவின் விரல் பட்டதும் தலையை அந்தப் பக்கமாக வெட்டி இழுத்துக்கொண்டு, அழுகைக்கு நடுவில், "வேணாம்" என்றாள். "ம்மா வேணாம்."

"என்னடி வேணாம்? காது வேணாமா?"

"வேணாம்!" என்று இன்னும் அழுத்தி மூடிக்கொண்டாள்.

செழியன், "எடுக்க வேணாங்கிறா" என்றான், நம்ப முடியாதவன் மாதிரி. வளர்மதி கையை இறக்கிக்கொண்டாள். இன்னொன்று வெடித்தது. ஆதிரையின் உடம்பு தூக்கிப் போட்டது, அழுகை ஒரு படி ஏறியது, உள்ளங்கை அசையவில்லை. நாலு வீடு தள்ளி வேறொரு மாடியிலும் ஒரு குழந்தை இதேபோல அழுதுகொண்டிருந்தது, அதை அதட்டிச் சமாதானம் சொல்லும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டது. அந்தப் பெண் யாரோ. அவளுக்கு இது அலுப்பாக இருக்கும். வளர்மதிக்கு அலுப்பாக இல்லை, நிம்மதியாகவும் இல்லை, நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, குழந்தையின் நெஞ்சு அதைவிட வேகமாக அதன்மேல் மோதிக்கொண்டிருந்தது. பயந்தவளுக்குப் பயந்தவள் பிறந்திருக்கிறாள், வேறென்ன. "கீழ போலாமா?" என்று செழியன் மறுபடி கேட்டான். "இருங்க, அழட்டும்" என்றாள். ஆதிரையை மடியில் சரியாக உட்காரவைத்து, முதுகைத் தடவி, அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஆமாண்டா தங்கம். சத்தம். பெரிய சத்தம். அம்மாவுக்கும் பயம்தான்" என்றாள்.

ஆதிரை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினாள்.